வீட்டில் போட்ட ஜூஸும் சுகரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். டாக்டர் சொன்னதும் பாட்டில் குளிர்பானத்தை நிறுத்திவிடுகிறோம். அடுத்துக் கை போவது வீட்டு மிக்ஸிக்குத்தான். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் மாத்திரையில் இருக்கும் டைப் 2 நோயாளிகளை மனத்தில் வைத்து எழுதியவை. இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குத் தனித்தனியே சொல்லியிருக்கிறோம். கிராம் கணக்கெல்லாம் தோராயம். பழத்தின் அளவும் பழுத்த பக்குவமும் மாறினால் அதுவும் மாறும்.

சர்க்கரையே போடாமல் வீட்டில் பிழிந்த ஜூஸ். அதுவுமா சுகரை ஏற்றும்?

ஏற்றும். 200 மில்லி டம்ளர் நிறைய சாத்துக்குடி ஜூஸ் வேண்டுமென்றால் நடுத்தர அளவில் மூன்று பழமாவது பிழிய வேண்டும். அதில் 16 முதல் 20 கிராம் வரை சர்க்கரை இருக்கும். நாம் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் குடலுக்குள் போன பிறகு, பழத்திலிருந்து வந்த குளுக்கோஸ், டப்பாவிலிருந்து வந்த குளுக்கோஸ் என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டிய கணக்கில் சேர்க்கவில்லை. அதே பழத்தைச் சாறாக்கினால் சேர்க்கிறது, தேனையும் சேர்க்கிறது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்குச் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஒரு டம்ளர் ஜூஸிலேயே அந்த 25 கிராமில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இது எல்லாருக்குமான அளவு. சுகர் உள்ளவருக்கு இதைவிடத் தாராளம் காட்ட வழியில்லை.

பழமாகச் சாப்பிடலாம், ஜூஸாகக் கூடாது என்கிறார்கள். இரண்டும் ஒரே பழம்தானே?

பழம் ஒன்றுதான். அளவும் வேகமும்தான் வேறு. மூன்று சாத்துக்குடியைத் தோலுரித்து, சுளை சுளையாக மென்று ஒரே மூச்சில் சாப்பிடுபவர் குறைவு. ஒன்றரைப் பழத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். ஜூஸாக இருந்தால் மூன்றும் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும்.

1977-இல் லான்செட் இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு இதை நேரடியாகவே பார்த்தது. ஒரே அளவு மாவுச்சத்துள்ள ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்தார்கள். முழு ஆப்பிளைச் சாப்பிட்டதைவிட 11 மடங்கு வேகத்தில் சாறு உள்ளே போனது. பசி அடங்கியது முழுப் பழத்தில்தான் அதிகம். சாறு குடித்தபோது இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, பிறகு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கியது. சோதனைக்கு வந்தவர்கள் சுகர் இல்லாத, ஆரோக்கியமானவர்கள். அவர்களுக்கு ஏறும் சர்க்கரையைப் பிடித்து இறக்க இன்சுலின் இருந்தது. சுகர் உள்ளவருக்கு அந்த இடத்தில்தான் குறை, அதனால் ஏறியது அங்கேயே நிற்கும்.

2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அமெரிக்காவின் மூன்று பெரிய நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முழுப் பழம், குறிப்பாக ப்ளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் அடிக்கடி சாப்பிட்டவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

வடிகட்டாமல், சக்கையோடு அடித்துக் குடித்தால்?

வடிகட்டியதைவிட நிச்சயம் மேல். முழுப் பழத்துக்குச் சமம் என்று சொல்ல முடியாது. நார்ச்சத்து டம்ளரில் இருந்தாலும் மெல்லும் வேலை போய்விடுகிறது. அளவும் கையை மீறிப் போகிறது. விதையுள்ள பழங்களை விதையோடு அரைத்தபோது சர்க்கரை கூடுதலாக ஏறவில்லை என்று சில சிறிய ஆய்வுகள் காட்டின. அவையும் பெரும்பாலும் சுகர் இல்லாத இளைஞர்களிடம் செய்தவை.

அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே பழம், ஒருவருக்கு. கொய்யா நல்ல தேர்வு: நடுத்தர அளவில் ஒன்று (100 கிராம்), 150 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, மிளகுத்தூள். மிக்ஸியை ஓடவிடாமல் விட்டு விட்டு நாலைந்து முறை சுற்றினால் போதும். கெட்டியாக இருக்கும், ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுங்கள். நார் 5 கிராமும் உள்ளேயே இருக்கும். கொய்யா விதை பல்லில் மாட்டுகிறது என்று வடிகட்டினால், எதற்காகக் கொய்யாவைத் தேர்ந்தெடுத்தோமோ அது வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

எந்த ஜூஸில் எவ்வளவு இருக்கிறது?

200 மில்லி டம்ளருக்கு, சர்க்கரை சேர்க்காமல், மொத்த மாவுச்சத்து:

எலுமிச்சை (அரைப்பழம், உப்பு): 1–2 கிராம்
நீர்மோர் (50 மில்லி தயிர், மீதி தண்ணீர்): 2–3 கிராம்
பெரிய நெல்லிக்காய் இரண்டு, தண்ணீர் விட்டு: சுமார் 5 கிராம்
வெள்ளரிக்காய்: சுமார் 5 கிராம்
தக்காளி: சுமார் 8 கிராம்
இளநீர்: 7–9 கிராம்
தர்பூசணி: சுமார் 15 கிராம்
சாத்துக்குடி, ஆரஞ்சு: 16–20 கிராம்
மாதுளை: 25 கிராமுக்கு மேல்
கரும்புச் சாறு: 26–30 கிராம்
திராட்சை: 30 கிராம் அல்லது மேலே
சப்போட்டா மில்க் ஷேக் (இரண்டு பழம், 150 மில்லி பால்): சுமார் 35 கிராம்

வீட்டில் ஊற்றும் ஒரு இட்லியில் 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து இருக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு டம்ளர் திராட்சை ஜூஸ் மூன்று இட்லிக்குச் சமம். இட்லியோடு சாம்பாரும் சட்னியும் போய் வேகத்தைக் குறைக்கும், வயிறும் நிறையும். ஜூஸில் இரண்டும் கிடையாது. காலையில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு, "உடம்புக்கு நல்லது" என்று ஒரு டம்ளர் குடிப்பவர் ஆறு இட்லி சாப்பிட்டிருக்கிறார். அந்த மாத ரத்தப் பரிசோதனையில் அது தெரியும்.

ஏபிசி ஜூஸ் சுகருக்கு நல்லது என்கிறார்களே?

ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றையும் சேர்த்து அடித்து, வடிகட்டி, காலையில் வெறும் வயிற்றில் குடிப்பது இப்போது பல வீடுகளில் வழக்கம். வழக்கமான அளவைக் கூட்டிப் பார்ப்போம். ஒரு ஆப்பிள் (150 கிராம்) 20 கிராம், சிறிய பீட்ரூட் 8 கிராம், ஒரு கேரட் 6 கிராம். மொத்தம் 34. வடிகட்டும்போது கொஞ்சம் சக்கையில் நின்றாலும் 25 முதல் 30 கிராம் வரை டம்ளருக்குள் வந்துவிடும். இதன் மேல் பேரீச்சம்பழம் இரண்டும் ஒரு ஸ்பூன் தேனும் சேர்ப்பவர்கள் உண்டு. அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம், செய்யாதீர்கள்.

பீட்ரூட்டும் கேரட்டும் கெட்ட காய்கள் அல்ல. பொரியலாக அரைக் கப் சாப்பிட்டால் சுகர் உள்ளவருக்கும் பிரச்சினை பெரிதாக இல்லை. சிக்கல் மூன்று இடத்தில்: ஆப்பிளின் அளவு, வடிகட்டுவது, வெறும் வயிறு. விட மனமில்லை என்றால் விகிதத்தை மாற்றுங்கள். கால் ஆப்பிள், அரைக் கேரட், இரண்டு மூன்று துண்டு பீட்ரூட், அவற்றோடு பாதி வெள்ளரிக்காய், இஞ்சி, எலுமிச்சைச் சாறு, 150 மில்லி தண்ணீர். வடிகட்டாமல் குடியுங்கள். இது 12 கிராம் அளவில் நிற்கும். குடித்த நாளில் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். சிலருக்குப் பீட்ரூட் நிறம் அப்படியே வெளியேறும். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் சிவப்பாக இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

பாகற்காய் ஜூஸ் குடித்தால் மாத்திரையைக் குறைக்கலாமா?

கூடாது. பாகற்காயில் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கக்கூடிய பொருள்கள் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டைப் 2 நோய்க்கு அதை மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2012-இல் வெளியிட்ட மறுஆய்வின் முடிவு. காயாகச் சாப்பிடுவதில் தடை இல்லை. ஜூஸ் குடித்து ஒரு வாரம் சுகர் குறைந்தது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. அந்த வாரத்தில் காலை டிபனைக் குறைத்திருப்போம், நடைப்பயிற்சியும் சேர்ந்திருக்கும். குறைந்தது எதனால் என்று பிரிக்க முடியாது.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் பாகற்காய் ஜூஸ் குடித்துவிட்டு டிபனைத் தள்ளிப்போட்டால் சுகர் 70-க்குக் கீழே போகலாம்.

குடிக்க விரும்பினால்: பாதிப் பாகற்காய், 50 கிராம் அளவுக்கு மேல் வேண்டாம். விதையையும் உள்ளே இருக்கும் பஞ்சையும் எடுத்துவிடுங்கள். மெல்லியதாக நறுக்கி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து அலசினால் கசப்பு தணியும். 150 மில்லி தண்ணீரில் அடித்து எலுமிச்சை பிழிந்து, டிபனோடு சேர்த்துக் குடியுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். கசப்பைப் போக்க ஆப்பிள் சேர்ப்பது வேலையையே கெடுக்கும். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்கு முயல்பவர்களும், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பரம்பரைக் குறை) உள்ளவர்களும் பாகற்காய் ஜூஸைத் தவிர்க்க வேண்டும். வயிற்றுவலி, பேதி வந்தால் நிறுத்திவிடுங்கள்.

சுரைக்காய் ஜூஸ்?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சுரைக்காய் இயல்பாகக் கசக்காது. சில காய்களில் மட்டும் குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் கூடிவிடும், அப்போது கசக்கும். கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்தவர்களுக்குச் சற்று நேரத்திலேயே கடும் வயிற்றுவலி, வாந்தி, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு எல்லாம் வந்திருக்கின்றன. உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. இதைப் பற்றி ஐ.சி.எம்.ஆர். ஒரு நிபுணர் குழுவையே அமைத்தது.

அந்தக் குழு சொன்னது எளிது. அரைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். சுரைக்காய்ச் சாற்றை வேறு எந்தச் சாற்றோடும் கலக்காதீர்கள். "சுகருக்கு நல்லது" என்று சுரைக்காயும் பாகற்காயும் சேர்த்து அடிக்கும் பழக்கம் இங்குதான் உயிருக்கு உலை வைக்கிறது: பாகற்காயின் கசப்பில் சுரைக்காயின் கசப்பு மறைந்துவிடும். குடித்தபின் வயிறு புரட்டினால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன குடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

சுகருக்காகச் சுரைக்காயைப் பச்சையாகக் குடித்தே ஆக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கூட்டாக வைத்துச் சாப்பிடுங்கள். அதிலும் கசந்தால் கொட்டிவிடுங்கள், வேகவைத்தால் நச்சுப் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

சர்க்கரைக்குப் பதில் தேன், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி?

மூன்றும் சர்க்கரைதான். ஒரு தேக்கரண்டி தேனில் கிட்டத்தட்ட 6 கிராம் மாவுச்சத்து. அதே கரண்டி வெள்ளைச் சர்க்கரையில் 4 முதல் 5 கிராம். கருப்பட்டியில் கொஞ்சம் தாதுக்கள் இருக்கின்றன. அவை உடம்புக்குப் பயன்படும் அளவுக்குக் கருப்பட்டி சாப்பிட்டால் சுகர் எங்கேயோ போய்விடும். மலைத்தேன், ஒரிஜினல் தேன் என்றாலும் கணக்கு மாறாது.

ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்ற மாற்று இனிப்பூட்டிகள் ரத்தச் சர்க்கரையை நேரடியாக ஏற்றாது. எடை குறைப்பதற்காக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது; அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானது அல்ல என்றும் அதிலேயே இருக்கிறது. எலுமிச்சை ஜூஸில் ஒரு சொட்டு போடலாம். மாதுளை ஜூஸில் போட்டால் மாதுளையின் சர்க்கரை குறைந்துவிடாது.

இளநீர், பதநீர், கரும்பு ஜூஸ்?

இளநீரை வாரத்தில் இரண்டு மூன்று நாள், வெயிலில் அலைந்த பிறகு, சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் குடிக்கலாம். இளசாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே வழுக்கையும் சாப்பிட்டால் அதற்கும் கணக்கு வையுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் இளநீர் வேண்டாம்; காரணம் கீழே.

பதநீரில் 100 மில்லிக்குப் பத்துக் கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். கருப்பட்டியே அதைக் காய்ச்சித்தான் வருகிறது. கரும்புச் சாற்றில் 100 மில்லிக்கு 13–15 கிராம் சர்க்கரை என்று ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டுதலில் எழுதி, பொதுமக்களையே குறைக்கச் சொல்கிறது. இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழிவதால் ருசி கூடும், சர்க்கரை குறையாது. இந்த இரண்டும் சுகர் உள்ளவர்களுக்கு ஆகாது.

எந்த நேரத்தில் குடிப்பது நல்லது?

காலை வெறும் வயிறு மிக மோசமான நேரம். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் அந்த நேரத்தில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. வயிறும் காலியாக இருப்பதால் சாறு தடையின்றிக் குடலுக்கு ஓடும். பழ ஜூஸ் குடிப்பதென்றால் பகல் உணவோடு, 100 மில்லிக்குள், அதற்கு ஈடாக ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துக்கொண்டு. முதலில் காய், பருப்பு, முட்டை அல்லது மீன் சாப்பிட்டு முடித்துவிட்டுக் குடித்தால் ஏற்றம் மட்டுப்படும். தூங்கப் போகும் முன் வேண்டாம்.

எனக்கு இந்த ஜூஸ் ஒத்துக்கொள்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குளுக்கோமீட்டரை வைத்து நீங்களே பார்க்கலாம். இதுதான் எல்லாப் பொதுக் கணக்கையும்விட நம்பகமானது. ஜூஸ் குடிப்பதற்கு முன் ஒருமுறை, குடித்த 45 நிமிடத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் ஒருமுறை, 2 மணி நேரத்தில் ஒருமுறை பாருங்கள். சாப்பாட்டுக்குப் பார்ப்பதுபோல 2 மணி நேரத்தில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்: ஜூஸின் உச்சம் பெரும்பாலும் அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் வந்து போய்விடும். முன்னால் 120, ஒரு மணியில் 215, இரண்டு மணியில் 150 என்று வந்தால், கடைசி எண் மட்டும் பார்த்தவர் "ஒன்றும் ஏறவில்லை" என்றுதான் நினைப்பார்.

பொதுவான இலக்கு, சாப்பிட்ட பின் உச்சம் 180-க்குள். முதல் எண்ணிலிருந்து 50-க்கு மேல் ஏறினால் அந்த ஜூஸைப் பாதியாக்கி இன்னொரு நாள் பாருங்கள்; அப்போதும் ஏறினால் விட்டுவிடுங்கள். ஒரே ஜூஸை இரண்டு வெவ்வேறு நாள் பார்த்தால்தான் முடிவுக்கு வரலாம். அந்த நாட்களில் நடை, தூக்கம், முதல்நாள் இரவுச் சாப்பாடு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கட்டும்.

விரலைப் பற்றி ஒன்று. பழத்தை உரித்த கையோடு சொட்டு எடுக்காதீர்கள். ஜப்பானில் செய்து 2011-இல் வெளியான ஆய்வில் ஆரஞ்சு, திராட்சை, கிவி உரித்த விரலில் எடுத்த ரத்தம், உண்மையில் இல்லாத உயர்ந்த எண்ணைக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் பலமுறை துடைத்தும் பயனில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகே சரியான எண் வந்தது. கழுவி, நன்றாகத் துடைத்து, உலர்ந்த விரலில் எடுங்கள். இன்சுலின் போடுபவர் இந்தப் பொய் எண்ணை நம்பிக் கூடுதல் யூனிட் போட்டால் விளைவு விபரீதம்.

சுகர் இறங்கிப் போனால் ஜூஸ் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஜூஸ் மருந்தாகும் ஒரே நேரம் இதுதான். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்து, மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். வடிகட்டிய பழ ஜூஸ் 120 முதல் 150 மில்லி, அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். தாண்டியதும் இட்லியோ பிஸ்கட்டும் பாலுமோ சாப்பிட வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளால் வந்த இறக்கம் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். இந்த நேரத்தில் சக்கையோடு உள்ள ஜூஸ், மில்க் ஷேக், சாக்லேட் எல்லாம் வேண்டாம். நாரும் கொழுப்பும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவர்கள் இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். இந்த மாத்திரைகள் சாதாரணச் சர்க்கரையைக் குடல் உடைப்பதையே தடுக்கின்றன. அதனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாலும் சுகர் சீக்கிரம் ஏறாது. மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். டப்பாவில் டெக்ஸ்ட்ரோஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 15 கிராம் எடுத்துச் சிறு பொட்டலமாகக் கட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டெனெலிக்ளிப்டின், மெட்ஃபார்மின் போன்றவற்றோடு ஒரே மாத்திரையாகச் சேர்ந்தும் வோக்ளிபோஸ் வருவதால், அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

மயங்கிக் கிடப்பவர் வாயில் ஜூஸோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கழிவு) கூடுதல் என்கிறார்கள். எந்த ஜூஸ் குடிக்கலாம்?

சிறுநீரகம் பழுதாக இருந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கும். இளநீர், ஆரஞ்சு, சாத்துக்குடி, தக்காளி, மாதுளை, வாழைத்தண்டு, கீரைச் சாறு எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. ஜூஸாகப் பிழியும்போது பல பழத்தின் பொட்டாசியம் ஒரு டம்ளருக்குள் சேர்ந்துவிடும். "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று தினமும் கொடுப்பதற்கு முன் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்குச் சுகர் இறங்கினாலும் ஆரஞ்சு ஜூஸுக்குப் பதில் குளுக்கோஸ் பவுடரே பாதுகாப்பு.

இரண்டு பழங்களைப் பெயர் சொல்லியே தவிர்க்கச் சொல்ல வேண்டும். நட்சத்திரப் பழத்தில் உள்ள ஒரு நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். கொழுப்பைக் குறைக்கும் என்று கேரளத்தில் சிலர் குடிக்கும் பிலிம்பி என்ற இரும்பன் புளிச் சாற்றால், அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து, நன்றாக இருந்தவர்களுக்கே சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்திருக்கிறது. பச்சைப் பசலையையும் கீரையையும் தினமும் கட்டுக் கட்டாக அரைத்துக் குடிப்பதிலும் இதே ஆக்சலேட் பிரச்சினை உண்டு. கீரையை வேகவைத்து நீரை வடித்துச் சாப்பிட்டால் ஆக்சலேட் பெரிதும் குறையும்.

உடம்பைச் சுத்தம் செய்ய மூன்று நாள் ஜூஸ் மட்டும் குடித்து விரதம் இருக்கலாமா?

இருக்க வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடு வகையோ எடுப்பவருக்குச் சுகர் சட்டென்று இறங்கும். நடுவில் பழ ஜூஸ் குடித்ததும் ஏறும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு இன்னொரு அபாயம். இந்த மாத்திரைகளோடு பட்டினி சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடலாம். சுகர் எண் 180, 200 என்று சாதாரணமாகவே இருக்கும்போதே இது நடக்கும் என்பதால், மீட்டரைப் பார்த்துத் தைரியமாக இருந்துவிடுவோம். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் வந்தால் ஆஸ்பத்திரியில் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். கோவில் விரதமாக இருந்தாலும் இந்த மாத்திரைகளை என்றைக்கு நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கர்ப்பகாலச் சுகர் இருக்கிறது. மாதுளை ஜூஸ் ரத்தம் ஊறும் என்று வீட்டில் வற்புறுத்துகிறார்கள்.

மாதுளை ஜூஸில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு டம்ளரில் சர்க்கரை 25 கிராமுக்கு மேல். ரத்தம் ஊற டாக்டர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரைதான் வழி. மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்கினால் இரும்பு நன்றாகச் சேரும். டீ, காபியோடு வேண்டாம். மாதுளை ஆசையாக இருந்தால் இரண்டு கைப்பிடி முத்தை மாலையில் மென்று சாப்பிடுங்கள். கர்ப்பத்தில் காலை நேரத்தில்தான் சுகர் அதிகம் ஏறும். அந்த நேரத்தில் பழமே வேண்டாம்.

மாத்திரையை ஜூஸோடு விழுங்கலாமா?

தண்ணீர் போதும். பம்பளிமாஸ், அதன் இனமான கிரேப் ஃப்ரூட் இரண்டும் சில கொழுப்பு மாத்திரைகளும் ரத்த அழுத்த மாத்திரைகளும் உடம்பில் சிதைவதைத் தடுக்கும். மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிடும். அடார்வாஸ்டேடின், சிம்வாஸ்டேடின் எடுப்பவர்கள் இந்த ஜூஸ்களைத் தவிர்ப்பது நல்லது.

அப்படியானால் தினமும் எதைத்தான் குடிப்பது?

நீர்மோருக்கு முதலிடம். கால் டம்ளர் தயிரை முக்கால் டம்ளர் தண்ணீரில் கடைந்து, வெண்ணெய் எடுத்து, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி நசுக்கிப் போடுங்கள். பிரஷர் உள்ளவர்கள் உப்பைச் சிட்டிகையோடு நிறுத்துங்கள். பெருங்காயம் தூவினால் உப்புக் குறைவு தெரியாது.

நெல்லிக்காய்: பெரியது இரண்டு, கொட்டை எடுத்து, சின்னத் துண்டு இஞ்சி, நாலு கறிவேப்பிலை, 150 மில்லி தண்ணீர். துவர்ப்பு அதிகமாக இருந்தால் மோரில் அடியுங்கள், தேன் வேண்டாம். அடித்ததும் குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் நிறம் கறுக்கும், வைட்டமின் சி குறையும். வெறும் வயிற்றில் எரிச்சல் வந்தால் டிபனுக்குப் பிறகு.

வெள்ளரிக்காய், புதினா, எலுமிச்சை சேர்த்து அடித்தது வெயில் காலத்துக்கு ஏற்றது. வாழைத்தண்டு ஜூஸும் சர்க்கரை குறைந்ததே. நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்து, துண்டுகளை மோரில் போட்டால் கறுக்காது. அதே மோரோடு அடித்து, வடிகட்டாமல் குடியுங்கள்.

காய்ச்சல், வாந்தி நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை. அப்போது?

அந்த நாட்களில் ஜூஸுக்கு இடம் உண்டு. சோறு இறங்காதபோது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பார்த்து, 180-க்குக் கீழே இருந்தால் பழ ஜூஸையோ கஞ்சியையோ கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கு அரை டம்ளர் கணக்கில் கொடுக்கலாம். 250-க்கு மேல் இருந்தால் தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், தெளிந்த ரசம். சாப்பிடவில்லை என்பதற்காக நீண்ட நேர இன்சுலினை நீங்களாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலே சுகரை ஏற்றும். மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் போன்றவற்றை வாந்தி பேதி நிற்கும்வரை நிறுத்த வேண்டுமா என்று போனிலாவது டாக்டரிடம் கேளுங்கள். குடித்தது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை, சுகர் 300-ஐத் தாண்டி இறங்கவில்லை, மூச்சு வாங்குகிறது, ஆள் அசந்துபோகிறார் என்றால் இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மாத்திரை அட்டைகளையும் மீட்டரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.